இருபத்து நான்கைத் தாண்டக் கூடாது

ஸிண்டருக்கு வடக்கே மணல் பாதையில்
மோட்டார் பைக் இரண்டு முறை புதைந்து எழுந்து
பதினோராவது வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.
கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்:
நேற்று என்னென்ன செய்தீர்கள்?

தேலு என்று பேர் சொன்னாள்.
வயது?
"மூத்தவன் இருந்திருந்தால் பதினெட்டு.
அதோடு பதினாறைக் கூட்டிக்கொள்."
கூட்டிக்கொண்டேன்.
தொழில் என்ற கட்டத்துக்குக் கொழுந்தன் பதில் சொன்னான்,
உயரத்திலிருந்து தேநீரை ஆற்றியபடி:
"இவளா? வேலை ஒன்றும் இல்லை.
வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்."

சும்மா இருப்பவள் சொல்லச் சொல்லப் பதிந்தேன்.
கோழி கூவுமுன் கிணறு, அறுபது முழக் கயிறு.
கயிறு இழுத்த கழுதையைப் போன கோடையில் விற்றாயிற்று;
இப்போது இழுத்துக்கொண்டு ஓடுவது மகள்.
தண்ணீருக்கு நான்கு மணி நேரம்.
கம்பு குத்த மூன்று.
முதுகில் இருக்கிறதே பிள்ளை, அதற்கு எவ்வளவு போடட்டும்?
"இறக்கி வைத்தால்தானே அளக்க முடியும்?"
பதினாறு என்று போட்டேன்.
விறகுக்கு இரண்டு.
மாமியாரின் கால்புண்ணுக்கு வேப்பிலைத் தண்ணீர், ஒன்று.
சந்தைக்காகக் கடலை எண்ணெய் பிழிந்தது மூன்று.
வெங்காயப் பாத்தி மூன்று.
"ஆனால் அது கொழுந்தன் தோட்டம், என் வேலை இல்லை.
நான் தண்ணீர் பாய்ச்சுவேன், களை எடுப்பேன்,
அறுப்பேன், அவ்வளவுதான்."
தூக்கம் ஐந்து.

திரை சிவந்தது.
*மொத்தம் முப்பத்தேழு.
ஒரு நாள் இருபத்து நான்கைத் தாண்டக் கூடாது.
ஏதாவது ஒன்றை நீக்கவும்.*

ஹௌசாவில் சொன்னேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
"இரு இரு, சமையலைச் சொல்லவே மறந்துவிட்டேனே!"
பிறகு கொஞ்சம் யோசித்து,
"தூக்கத்தை எடுத்துவிடு.
எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள்."

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்றால்
முக்கியமானதை மட்டும் பதிக.
கம்பா, பிள்ளையா?
கம்பு விழாவிட்டால் பால் ஊறாது.
பிள்ளையை நீக்கினேன்.
பதினாறு மணி நேரமும் மறைந்தது.
திரை பச்சையானது.
பிள்ளை அங்கேயேதான் இருந்தது,
அவள் காதணியை இழுத்துக்கொண்டு.

என் பெண்ணுக்கு எட்டு மாதம்.
ஸிண்டரில் தங்கையிடம் விட்டிருக்கிறேன்.
நான் ஊர் ஊராக எண்ணப் போவதால்
தங்கை இந்த வருஷம் பள்ளிக்குப் போகவில்லை.
எங்கள் வீட்டுக்கு வேறொருத்தி கருவியோடு வந்தால்
"வேலை செய்பவர்: ஒருவர்" என்று எழுதிப் போவாள்.
நான்தான் அந்த ஒருவர்.

இந்த எண்கள் நியாமே போகும். கடல் தாண்டும்.
நாடுகளை உயரவாரியாக நிறுத்தும் பட்டியலில்
தசமப் புள்ளிக்கு அப்பால் மூன்றாம் இலக்கத்தில்
தேலு எங்காவது ஒட்டிக்கொண்டிருப்பாள்.
பட்டியலின் உச்சியில் பனி பெய்யும் ஊர்களாம்.
அங்கேயும் ஒருத்தி நள்ளிரவில்
ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு
எங்கள் வரிசையைச் சரிபார்க்கலாம்.
சம்பளம் கைகளுக்கு.
அந்தக் காலுக்கு என்ன கட்டம்?

என் தோளுக்குப் பின்னால் யாரோ
சிவப்பு எழுத்தைப் பிரெஞ்சில் எழுத்துக்கூட்டியிருந்ததை
அப்போதே கேட்டேன், திரும்பவில்லை.
இப்போது கேள்வி மகளைப் பற்றி:
அப்ஸு, பன்னிரண்டு, மூன்று வருஷம் படித்தவள்.
நின்றதற்குக் காரணம்:
தூரம், கட்டணம், திருமணம், மற்றவை.
அவளே கையை விரித்துக் காட்டினாள்.
உள்ளங்கையில் குறுக்கே கயிறு ஓடிய தடம்.
*மற்றவை.*

"எதை நீக்கினீர்கள்?" என்று கேட்டாள்.
"ஒன்றுமில்லை" என்றேன்.
கொழுந்தன் மூன்றாவது கோப்பைத் தேநீரை நீட்டினான்.
நல்ல இனிப்பு.

கிளம்பும்போது பைக் மறுபடி புதைந்தது.
அப்ஸு ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினாள்,
ஐந்து நிமிஷம் இருக்கும்.
நான் எங்கும் பதியவில்லை.